ஐந்தருவிச் சாலையில் ஒரு கொட்டகை

கல்லாற் கட்டப்பெற்றவை தம் வரலாற்றைத் தாமே கூறும். கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. பாலத்திற்கு ஆண்டு பொறித்த பலகை உண்டு. பழைய சத்திரத்திற்குங்கூட அதனைக் கட்டுவித்தவரின் பெயர் வாயில்நிலையின் மேல் உண்டு. கீற்றாலும் மூங்கிலாலும் கட்டப்பெற்றவற்றிற்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவை நின்ற நாளிற் பல்லாயிரவர் கூடி மகிழ்ந்தனரெனினும், பிரித்தெடுத்த மறுநாளே அவ்விடம் வெறுந்திடலாகி விடுகின்றது. அவற்றை நினைந்திருப்பார் உள்ளவரையில்தான் அவற்றிற்கு வாழ்வு. அத்தகையதொரு கொட்டகையைப் பற்றி, அதனைக் கண்ணாரக் கண்டவருள் ஒருவனாகிய யான், இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சில கூற விழைகின்றேன்.

திருக்குற்றாலத்திற்கு வருவோர் பேரருவியில் ஆடிப் பின்னர் ஐந்தருவியை நாடுதல் வழக்கம். ஏறத்தாழ 40 அடி உயரத்தினின்று ஒரே நீர் ஐந்து கிளையாகப் பிரிந்து வீழும் அவ்விடத்தின் அழகை யான் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வருவிக்குச் செல்லும் சாலையின் கீழ்ப்புறத்தே, தோப்புக்கள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், என் இளம்பிராயத்தில் ஒரு திடல் இருந்தது. 1960ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில், பிசான அறுவடை முடிந்து வைக்கோற்போர்கள் எழுந்ததும், ஒரு லாரி அத்திடலில் வந்து நிற்கும். சவுக்குக் கம்பங்களும், மூங்கில்களும், கட்டுக்கட்டான தென்னங்கீற்றும், ஓர் எண்ணெய் எஞ்சினும், பூட்டிய பெரும்பெட்டி ஒன்றும் அதிலிருந்து இறங்கும். ஒரு கிழமைக்குள் அங்கே ஒரு டூரிங் டாக்கீஸ் எழுந்து விடும். அதற்கென ஒரு பெயர்ப்பலகை இருந்ததாயினும், எங்களுள் ஒருவரும் அப்பெயரை வழங்கியதில்லை. 'கொட்டகை' என்று சொன்னாற் போதும். சுற்றுவட்டத்து ஊர்களிலெல்லாம் அஃது ஒன்றையே குறிக்கும்.

இத்தகைய கொட்டகைகளின் முன்னோடி யாரென அறிதல் நலம். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலராயிருந்த கோயமுத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905ஆம் ஆண்டில், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் பொறியொன்றையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுநாதரின் வரலாற்றைக் காட்டும் ஊமைப்படம் அவற்றுள் ஒன்று. அலுவலைத் துறந்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு அவர் ஊரூராகச் சென்றார். அரண்மனையும் நாடக அரங்கும் காணாத எளிய மக்களை நாடிச் சலனப்படம் தானே நடந்து சென்றது அக்காலத்தில்தான். 1914ஆம் ஆண்டில் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த 'காளிதாஸ்' வெளிவந்து படம் பேசத் தொடங்கியபின், கூடாரங்களும் பேசும் கூடாரங்களாயின. ஒலிபெருக்கியும் எஞ்சினும் சேர்ந்தமையால் சுமை கூடிற்றேயன்றி, ஊர் சுற்றும் வழக்கம் நின்றுவிடவில்லை.

எங்கள் கொட்டகை இயங்கிய முறையைச் சற்றே விரித்துரைக்கின்றேன். ஏனெனில் இற்றைநாள் மாணவர் பலர் அதனைக் கண்டிரார். பொழுது சாய்ந்து இருள் பரவிய பின்னரே அங்குப் படம் காட்டல் இயலும். பகலிற் கீற்றின் இடுக்குகள்தோறும் கதிரவன் புகுந்து திரையை வெளுக்கச் செய்துவிடுவான். ஆதலின் மாலைக் காட்சி ஒன்று, இரவுக் காட்சி ஒன்று, அவ்வளவே. படச்சுருள்கள் அடங்கிய தகரப்பெட்டி மதுரையினின்று இருப்புப்பாதை வழியே தென்காசிக்கு வந்து, அங்கிருந்து மிதிவண்டியின் பின்னே கட்டப்பெற்றுக் கொட்டகையை அடையும். 'பெட்டி வந்துவிட்டதா?' என்பதே அன்றைய மாலை ஊரெங்கும் எழும் கேள்வி. வராத நாளில், முந்தின படமே மற்றொரு முறை ஓடும். அதனையும் எவரும் வெறுத்ததில்லை.

ஆறு மணியளவில் எஞ்சின் உறுமத் தொடங்கும். தென்னைமரத்தின் உச்சியிற் கட்டியிருந்த கூம்புவடிவ ஒலிபெருக்கி பக்திப் பாடல்களை முழங்கும். அப்பாடல்களுக்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசை ஒருநாளும் மாறாது. முதற்பாடல் கேட்டதும் பெண்டிர் உலையை இறக்குவர். மூன்றாம் பாடலில் மாடுகள் வண்டியிற் பூட்டப்பெறும். ஒரு குறித்த விநாயகர் துதி எழுந்துவிட்டால், வழியில் வருவோர் நடையை விடுத்து ஓட்டம் பிடிப்பர். கடிகாரமில்லாத வீடுகளுக்கு அவ்வொலிபெருக்கியே கடிகாரம்.

படங்காட்டும் பொறியில் மின்விளக்கு இல்லை. இரண்டு கரிக்கோல்களை நுனியோடு நுனி அணுக வைத்து, அவற்றினிடையே மின்சாரத்தைப் பாய்ச்சுவர். அவ்விடைவெளியிற் பிறக்கும் சுடர், கண்ணாற் காணவொண்ணாத பேரொளியுடையது. கரி எரிந்து குறையக் குறைய, ஆபரேட்டர் அதனை முன்னே தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். அவர் சற்றே அயர்ந்தால் திரையிற் கதாநாயகியின் முகம் மஞ்சளாகிப் பின் மறைந்து போகும். வினாடிக்கு 24 படங்களாக ஓடும் சுருள் 1,000 அடிக்குச் சுமார் 11 நிமிடம் வரும். 16,000 அடிப் படமாயின் மூன்று மணி நேரம். பெரிய அரங்குகளில் இரண்டு பொறிகளை வைத்து ஒன்று முடியுமுன் மற்றொன்றை ஓட்டுவர். எங்கள் கொட்டகையில் இருந்தது ஒன்றே. ஆதலின் சுருள் மாற்றுந்தோறும் விளக்கேற்றப்படும். ஒரு படத்திற்கு மூன்று இடைவேளை உண்டு. அம்மூன்றிலும் முறுக்கும், வறுத்த கடலையும், கலர்ச் சோடாவும், சுக்குக்காப்பியும் விற்பனையாயின. கதையிற் கணவனும் மனைவியும் பிரிந்து நிற்கும் தறுவாயில் விளக்கு எரியும்; அடுத்து நேரப்போவதைப் பற்றித் தரையிலிருந்தோர் ஐந்து நிமிடம் வாதிடுவர். அவ்வாதத்தின் சுவை பன்முறை படத்தினும் மிக்கிருந்தது.

அமரும் இடம் மூவகை. தரைக்கு நாலணா, காசு முறை மாறி நயாபைசா வழங்கத் தொடங்கிய பின்னரும் எங்கள் வாயினின்று நாலணா நீங்கவில்லை. பெஞ்சுக்கு அதனினும் சற்று மிகுதி. பின்புறத்திலிருந்த சில நாற்காலிகளுக்கு இன்னும் மிகுதி. தரை என்பது ஆற்று மணல். முன்னிருப்பவரின் தலை மறைக்குமாயின், மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வோம். பின்னிருப்பவர் அம்மேட்டைக் காலாற் கரைப்பர். ஐந்தருவியிற் சில கிளை ஆடவர்க்கும் சில கிளை மகளிர்க்கும் ஒதுக்கப்பட்டிருத்தல் போலவே, கொட்டகையின் நடுவே மார்பளவு தட்டியொன்று ஆண்பகுதியையும் பெண்பகுதியையும் பிரித்தது. ஆயின் பிறப்பாற் பிரிக்கும் தட்டி அங்கில்லை. தமிழர் எல்லாரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையை வகுத்தது பிறப்பன்று, வாங்கும் ஆற்றலே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் யார் எங்கு நின்று, எந்தக் குவளையிற் குடித்தல் வேண்டும் என்பது அந்நாளில் வரையறுக்கப்பட்டிருந்தது. அக்கடையினின்று நூறடி தொலைவில், அதே மக்கள் ஒரே மணலில் முழங்காலோடு முழங்கால் உரச அமர்ந்திருந்தனர். விளக்கெரிந்ததும் சிலர் நகர்ந்து அமர்ந்ததையும் யான் கண்டுள்ளேன். எனினும் இருள் மீண்டபோது அவ்விடைவெளி தானே நிரம்பிற்று.

கொட்டகைக்கு உள்ளிருந்தவரைப் பற்றி இதுகாறும் கூறினேன். அதற்குப் புறத்தே இருந்தவரைப் பற்றிக் கூறுதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இலஞ்சி, வல்லம் முதலிய ஊர்களினின்றும், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் வரையில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த செங்கோட்டைப் பக்கத்தினின்றும் குடும்பத்தோடு வருவோர் மாட்டுவண்டியில் வருவர். கொட்டகையைச் சுற்றி அவ்வண்டிகள் அவிழ்த்து விடப்பட்டிருக்கும். மாடுகள் வைக்கோலை அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். வண்டியின் ஏர்க்கால் தரையிற் சாய்ந்திருக்கும். கூண்டினுள் கைக்குழந்தை உறங்கும். கொட்டகையின் பக்கத் தட்டி ஓர் ஆள் உயரமே. தட்டிக்கும் கூரைவிளிம்பிற்கும் இடையே காற்றுக்கென விட்ட திறப்பு ஒன்று உண்டு. வண்டியைத் தக்க இடத்தில் நிறுத்தி, ஏர்க்காலைக் கட்டையால் முட்டுக்கொடுத்து மட்டமாக்கி, உள்ளே அமர்ந்து நோக்கினால், அத்திறப்பின் வழியே திரையின் மேற்பாதி சாய்வாகத் தெரியும். ஒலியோ முழுதும் கேட்கும். இதனைக் கொட்டகைக்காரர் அறிவார்; அறிந்தும் தடுத்ததில்லை. உள்ளே சென்றவர்களின் வண்டி அது. அதிற் காவலிருப்போர் எதைக் கண்டால் என்ன, எதைக் கேட்டால் என்ன என்பது அவர்தம் எண்ணம் போலும்.

எங்கள் வண்டியின் காவல் என் ஆச்சி. அவர்க்கு முழங்கால்கள் இரண்டும் வாதத்தால் மடங்காமற் போயிருந்தன. மணலில் அமர்தல் இயலாது. அமர்ந்தால் எழுதல் அதனினும் இயலாது. பெண்பகுதியிற் பெஞ்சு இல்லை. ஆடவர் நடுவே நாற்காலியில் அமர்வதென்பதை அவர் கனவிலும் கருதார். கண்ணும் புரை படர்ந்து மங்கத் தொடங்கியிருந்தது. இத்துணைக் குறைகளும் உடைய ஒருவர் படம் காண்பதெவ்வாறு? வண்டியிற் பஞ்சுமெத்தையை விரித்து, காலை நீட்டி, கூண்டிற் சாய்ந்தமர்ந்து அவர் படம் கண்டார். கண்டார் என்பதினும் கேட்டார் என்பதே பொருந்தும். திரையின் மேற்பாதி மட்டுமே தெரிந்தமையின், நடிகர்களின் தலைகளையே அவர் அறிவார். கீழ்ப்பாதியிலும், புரைபடர்ந்த கண்ணுக்கு எட்டாத மேற்பாதியிலும் நிகழ்வனவற்றைக் கூறுதல் என் கடமை. பாட்டு முடிந்ததும் யான் தட்டியின் அடியே நுழைந்து வெளியே ஓடுவேன்.

"என்னய்யா நடக்கு அங்க?" என்பார்.

"ராசா வாளை உருவிட்டாரு ஆச்சி."

"அவ என்ன செய்தா?"

"காலைப் புடிச்சு அழுதா."

"அழட்டும், அழட்டும். போய்ப் பாத்துட்டு வா" என்று என்னைத் திரும்ப அனுப்புவார்.

ஒரு காட்சிக்குப் பத்து முறையேனும் இவ்வாறு ஓடியிருப்பேன். இதனால் யான் இழந்தது படத்தின் மூன்றிலொரு பங்கு. பெற்றதோ பெரிது. கண்டதைச் சுருங்கச் சொல்லல், கேட்பவர் அறிந்தது இன்னது, அறியாதது இன்னது எனப் பிரித்துணர்தல், கதையின் முடிச்சு எங்குள்ளதென ஓடும்போதே தேர்தல் ஆகிய இவற்றை எந்த வகுப்பறையும் எனக்குக் கற்பிக்குமுன் அவ்வண்டிச் சக்கரத்தின் அருகே நின்று யான் கற்றேன். பிற்காலத்திற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் தொழிலை மேற்கொண்டவனுக்கு அதனினும் சிறந்த பயிற்சி யாது?

1953ஆம் ஆண்டில் எஸ். எஸ். வாசன் தயாரித்து வெளியிட்ட 'ஔவையார்' சில ஆண்டுகள் கழித்து எங்கள் கொட்டகைக்கு வந்தது. சுருள் பல இடங்களிற் கீறலுற்று, திரையில் இடையறாது மழை பெய்வது போலத் தோன்றும். ஆச்சிக்கு அஃது ஒரு பொருட்டன்று. கே. பி. சுந்தராம்பாளின் குரல் இருட்டில் வயல்வெளியெங்கும் பரந்தபோது, என்னை அவர் ஒருமுறையேனும் அழைக்கவில்லை. வண்டியருகே சென்று நின்ற என்னைக் கையமர்த்தி, பேசாதிரு எனக் குறிப்பால் உணர்த்தினார். அப்படம் ஓடிய நாட்களிலெல்லாம் வண்டி பூட்டவேண்டுமென்று வற்புறுத்தினார். ஊன்றுகோலோடு ஊர்தோறும் நடந்து, அரசனுக்கும் அஞ்சாது வாய்திறந்த ஒரு முதியவளின் கதை, ஊன்றுகோலோடும் நடக்க இயலாத மற்றொரு முதியவளுக்கு எத்தகைய ஆறுதலாயிருந்தது என்பதை அன்று யான் அறிந்திலேன், இன்று அறிவேன்.

ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களிற் சாரல் தொடங்கும். ஆரியங்காவுக் கணவாயினூடே வரும் தென்மேற்குக் காற்று நுண்துளியைச் சுமந்து வரும். அருவிகள் பெருகும்; வெளியூரினின்று மக்கள் திரள்திரளாக வருவர். கொட்டகைக்காரர்க்கு இதனினும் பெரிய இடுக்கண் இல்லை. கூட்டம் மிகுதியாக வரும் காலமும், கீற்றுக்கூரை ஒழுகும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. மழையின் ஓசை கூரைமேல் எழுந்ததும் நடிகரின் பேச்சு அதில் மூழ்கிவிடும். மணல் நனையும், ஒழுகாத இடந்தேடி மக்கள் ஒருவர்மேல் ஒருவராக நெருங்குவர், பெஞ்சுக்காரர் துண்டால் தலையை மூடிக்கொள்வர். அவ்வேளையில் நனையாதிருந்தவர் கூண்டு வண்டியிலிருந்த முதியோரும் மகவுகளுமே. "உள்ள துட்டுக் குடுத்தவன் நனையுதான், வெளிய சும்மா இருக்கவ நனையல்ல" என்று ஆச்சி நகைத்தது இன்னும் என் செவியில் உள்ளது.

மோட்டார் வண்டியில் அமர்ந்தபடியே படங்காணும் திறந்தவெளி அரங்குகள் அமெரிக்க நாட்டில் உண்டென்று பிற்காலத்திற் படித்தபோது எனக்கு வியப்புண்டாகவில்லை. நெடுநாட் பழகியதொன்றைப் பற்றிப் படித்தாற்போலவே இருந்தது. அவ்வரங்கை முதன்முதல் அமைத்தவர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பார். நியூ ஜெர்சி மாநிலத்திற் காம்டன் நகருக்கருகே 1933ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. அதற்குமுன் அவர் தம் வீட்டு முற்றத்தில் மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, மோட்டாரின் முகப்பின்மேற் படப்பொறியை வைத்துச் சோதனை செய்தார். மழை பெய்தால் எவ்வாறிருக்குமென அறியத் தோட்டத்திற்கு நீர்தெளிக்கும் குழாயைத் தம் வண்டியின்மேல் திருப்பி விட்டாராம். இம்முயற்சிக்குக் காரணமாக ஒரு செய்தி கூறுவர்: அவருடைய அன்னையார் பருத்த உடலினர், அரங்கின் ஒடுங்கிய இருக்கையில் அமர்தல் அவர்க்குப் பெருந்துன்பமாயிருந்தது, அவர் தம் வண்டியிலேயே இனிதமர்ந்து படங்காண வேண்டுமென மைந்தர் எண்ணியதன் விளைவே அவ்வரங்கு. இதனைப் படித்த அன்று யான் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். உலகின் மறுகோடியில் ஒரு தாயின் உடல்நலிவு ஒரு தொழிலையே தோற்றுவித்திருந்தது. 1950களின் இறுதியில் அத்தகைய அரங்குகள் அந்நாட்டில் ஏறத்தாழ 4,000 இருந்தன. வடகோடியிலுள்ள பனிநாடுகளிலும் அவை தோன்றின. அங்குக் கோடையில் நள்ளிரவை நெருங்கும்வரை வானம் வெளுத்தே இருக்கும். திரையில் உருவம் தோன்றாது. மாரியிலோ இருள் மிகுதி, குளிர் அதனினும் மிகுதி. எங்கட்குச் சாரல், அவர்கட்கு மறையாக் கதிரவன். கூரையும் சுவரும் இன்றிக் கூடுவோர் யாவரும் தத்தம் வானத்தோடு உடன்பாடு செய்துகொள்ளத்தான் வேண்டியிருக்கின்றது.

டூரிங் கொட்டகைக்கு அரசினர் வழங்கும் உரிமம் குறித்த காலத்திற்கே உரியது. 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்வழி எழுந்த விதிகளும் அவ்வாறே வகுத்தன. ஆதலின் ஒவ்வோர் ஆண்டும் கொட்டகை பிரிக்கப்படுவதும், மீண்டும் எழுவதும் எங்களுக்குப் பழகிய நிகழ்ச்சிகள். யான் உயர்நிலைப்பள்ளியின் மேல்வகுப்புக்களிற் படித்த நாளில், ஓராண்டு அது பிரிக்கப்பட்டது; மறு ஆண்டு வரவில்லை. எவரும் அதனை அறிவிக்கவில்லை. வைக்கோற்போர் எழுந்தது, லாரி வரவில்லை, அவ்வளவே. மாலை ஆறு மணிக்கு ஆச்சி தலையை நிமிர்த்திக் காதுகொடுத்துக் கேட்பார். "இன்னும் பாட்டுப் போடலியே?" என்பார். பாட்டு நின்றபின் அவர்க்குப் பொழுது இன்னதென்று தெரியவில்லை.

அவர் படும் துயர் கண்டு, என் மாமா அவரை ஒருமுறை பக்கத்து நகரிலுள்ள நிலையான அரங்கிற்கு அழைத்துச் சென்றார். யானும் உடன் சென்றேன். சுவரும், மின்விசிறியும், இடையறாது படங்காட்டும் இரட்டைப் பொறியும் உடைய நல்லரங்கம் அது. வாயிலில் ஏழெட்டுப் படிகள் இருந்தன. இருவராகத் தூக்கிச் சென்றோம். இருக்கை ஒடுங்கியது, காலை நீட்ட இடமில்லை. ஒவ்வொருவரும் கடந்து செல்லுந்தோறும் அவர் வலியால் முனகினார். யான் அருகமர்ந்து கதையை மெல்லக் கூறத் தொடங்கினேன், முன்னிருந்தவர் திரும்பி நோக்கினார், பின்னிருந்தவர் அதட்டினார். அரைமணி நேரத்தில், "வீட்டுக்குப் போவோம் ஐயா" என்றார் ஆச்சி. வெளியே வந்ததும் படியிலேயே அமர்ந்து மூச்சுவாங்கினார். உள்ளே பாட்டொன்று ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் அதன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் செவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பின், "கெட்டியாத்தான் கெட்டிருக்கான்" என்றார். அதுவே அவர் இறுதியாகச் சென்ற படம். அடுத்த ஆண்டு மார்கழியில் அவர் மறைந்தார்.

கீற்றுக் கொட்டகை குறையற்றதென்று யான் வாதிடவில்லை. நெருப்புக்கு அஃது இரையாவது எளிது. செந்நிறம் பூசிய மணல்வாளிகளும் நீர்வாளிகளும் எங்கள் கொட்டகையின் வாயிலில் வரிசையாகத் தொங்கின. அவற்றாற் பயன் சிறிதே என்பதை 1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் தூத்துக்குடியில் நிகழ்ந்த பெருந்தீ காட்டிற்று. படம் ஓடிக்கொண்டிருக்கையிற் கொட்டகை பற்றியெரிந்து, மகளிரும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டனர். அத்தகைய கூரையின்கீழ் நம் மக்களை மீண்டும் அமர்த்த வேண்டுமென்று எவரும் விரும்பார். சுவர் எழுந்ததற்கு நியாயம் உண்டு. அடுத்துத் தொலைக்காட்சியும் வந்தது; 1982இல் அது வண்ணமும் பெற்றது. நாளடைவிற் படம் வீட்டினுள் புகுந்து, இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒடுங்கிவிட்டது. நடக்க இயலாத முதியோர் கட்டிலிற் படுத்தபடியே தாம் வேண்டிய படத்தைக் காணலாம். ஆச்சி இருந்திருந்தால் இதனை வியந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் வேண்டியது படம் மட்டுமோ? ஊர் சிரிக்கும்போது தாமும் சிரித்தல், ஊர் அழும்போது தாமும் விம்முதல், சுருள் மாற்றும் இடைவேளையில் அடுத்த வண்டிக்காரியோடு கதையின் நன்மை தீமையை வழக்காடுதல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததையே அவர் படம் என்று வழங்கினார். அதனை அவர்க்கு அளித்தது அத்தட்டிக்கு மேலிருந்த திறப்பு. காற்றுக்கென விடப்பட்ட அவ்விடைவெளியில், எவரும் திட்டமிடாமலே, உள்ளே வர இயலாதவர்க்கும் ஓர் இடம் அமைந்திருந்தது.

குற்றாலத்திற்குச் சிறப்பளிப்பவற்றுள் சித்திரசபையும் ஒன்று. கூத்தப்பெருமானுக்குரிய ஐம்பெருஞ் சபைகளுள் ஏனை நான்கிற்கும் பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம் என்பவற்றாற் பெயர் வந்தது. இச்சபை ஒன்றே சித்திரத்தாற் பெயர் பெற்றது. இங்கு இறைவன் ஓவியமாகச் சுவரில் ஆடுகின்றான். சுவர் நின்றது, ஓவியமும் நின்றது. ஐந்தருவிச் சாலையில் ஆடிய ஓவியங்களோ துணித்திரையில் ஒளியாக ஆடியவை. விளக்கு அணைந்ததும் அவையும் அணைந்தன. திடல் இருந்த இடத்தில் இன்று வீடுகள் எழுந்துள்ளன. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஊரும் சாலையும் விரிந்துள்ளன. அங்கு ஒருகாலத்தில் ஐம்பது மாட்டுவண்டிகள் இரவில் அவிழ்ந்து கிடந்தன என்று கூறினால், புதிதாகக் குடியேறியவர் புன்முறுவல் செய்கின்றனர்.

மாணவ நண்பர்களே! நும்மூர்களிலும் இத்தகைய திடல் ஒன்று இருந்திருக்கும். இவ்விடுமுறையில் நும் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் அணுகி, அஃது எங்கிருந்தது, யார் உள்ளே அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர், முதற்பாடல் எது, விளக்கு எரிந்தபோது என்ன பேசினர் என்று வினவுங்கள். கேட்டதை அவர் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிழற்படமேனும் இல்லை. நாளை நும்முட் சிலர் பொறியியலறிஞராகி அரங்குகளையும் பள்ளிகளையும் மன்றங்களையும் எழுப்புவீர். சிலர் அவற்றிற்கு உரிமம் வழங்கும் அலுவலராவீர். தீக்கும் மழைக்கும் அஞ்சாத உறுதியான சுவர்களை எழுப்புங்கள். அது நும் கடமை. எழுப்பும்போது, படியேற இயலாத ஒருத்தி எங்கே காலை நீட்டி அமர்வாள், அவளுக்குக் கதைசொல்ல ஓடிவரும் சிறுவன் எவ்வழியே நுழைவான் என்பதையும் வரைபடத்திற் குறித்துக்கொள்ளுங்கள்.